மருந்து வேளை வெறுமையானால்

கேள்வி: தோழியின் நாய் இரண்டு வருடம் சிறுநீரகக் கோளாறோடு போராடியது. போன வாரம் ஊசி போட்டு அனுப்பிவைத்தார்கள். எப்படித் தேற்றுவது?
- வாசகி, கோத்ருட், புனே

பதில்: 'நல்லவேளை, கஷ்டம் தீர்ந்தது', 'இன்னொரு குட்டி வாங்கிக்கோ' இரண்டும் வேண்டாம். மாத்திரை, பத்தியச் சாப்பாடு, தோலடியில் சலைன் என்று அவர் பொழுதே அந்த நாயைச் சுற்றித்தான் ஓடியிருக்கும். அது நின்றதும் கொஞ்சம் நிம்மதி வரும். நிம்மதி வந்ததே என்று குற்ற உணர்ச்சியும் வரும். ஊசிக்குச் சம்மதித்தது வேறு உறுத்தும். நாள்பட்டுக் கெட்ட சிறுநீரகம் பழையபடி ஆகாது, அவர் குறைத்தது வேதனையைத்தான் என்று ஒரு முறை தெளிவாகச் சொல்லுங்கள். அப்புறம் பேச்சை அவரிடம் விட்டுவிடுங்கள். மருந்து கொடுத்த வேளையில் வேதாள் டேக்டி குன்றுக்கு நடக்கக் கூப்பிடுங்கள்.

'நாய்க்குப் போய் இவ்வளவா?' என்பார்கள் சிலர். ராய்கட்டில் சிவாஜி சமாதியருகே அவர் நாய் என்று சொல்லப்படும் வாக்யாவுக்குச் சிலை இருக்கிறது (அது வரலாறுதானா என்ற சண்டை தனி). நம் தமிழ்நாட்டு எடுத்தனூரில் 7ஆம் நூற்றாண்டு நடுகல்லில் வீரனோடு அவன் நாய் கோவிவனும் பெயரோடு நிற்கிறது.

பிரிக்காத மருந்துகளை மருத்துவமனையில் நீங்களே கொடுத்துவிடுங்கள். அந்தப் படியை அவர் இப்போது ஏற வேண்டாம்.