தூரத்து ரிவிக்குப் படம் கொண்டுபோக

மடுமாதாவின் ஆவணித் திருவிழாவிலும் திருக்கேதீச்சரச் சிவராத்திரியிலும் கூட்டத்தின் கடைசியில் நிற்கிற வயோதிபர்களுக்குப் பீடமோ சந்நிதியோ கண்ணில் படாது. ஊர்க் கோயில்களிலும் இதே நிலைதான்; வெளியே ஒரு திரை இருந்தால் பெரிய உதவி. வீடுகளிலோ, காவல் கமெராப் பெட்டி முன்னறையில் இருக்கும், ரிவி பின் விறாந்தையில் இருக்கும். சாதாரண எச்டிஎம்ஐ வயரை 15 மீற்றருக்கு மேல் நம்ப முடியாது. நெட்வேர்க் கேபிளில் படம் அனுப்பும் எக்ஸ்டென்டர் அதற்குத்தான். மன்னார்க் கரையில் அதை வாங்குவோருக்குச் சில குறிப்புகள்:

1. வயர் சுவரில் ஏறி இறங்கும் தூரத்தையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள். பெட்டியில் 60 மீற்றர் என்று போட்டிருந்தால் 45க்குள் நின்றுகொள்வது நல்லது. எச்டிபேஸ்டி (HDBaseT) என்ற எக்ஸ்டென்டர் வகை, தரமான கேபிளில் முழு எச்டி படத்தை 100 மீற்றர் வரை கொண்டுபோகும்.

2. நேரடி வகையா, ஐபி வகையா என்று கடையில் கேளுங்கள். நேரடி வகையில், படத்தை அனுப்பும் பெட்டி, வாங்கும் பெட்டி இரண்டுக்கும் நடுவே ஒரே கேபிள்தான். அதை ரூட்டரிலோ சுவிட்சிலோ செருகக்கூடாது. ஐபி வகை சுவிட்ச் வழியாகப் பல ரிவிகளுக்குப் போகும், ஆனால் படம் சற்றுப் பிந்தி வரும். கமெரா பார்க்க அது பரவாயில்லை. பூசையில் ஒலிபெருக்கிச் சத்தம் முந்தி, உதட்டசைவு பிந்தினால் பார்ப்பவர் மனம் ஒன்றாது. கோயிலுக்கு நேரடி வகையே வாங்குங்கள்.

3. பெட்டியில் மிச்சம் பிடித்தாலும் கேபிளில் மிச்சம் பிடிக்காதீர்கள். முழுச் செம்புக் கேட்6 வேண்டும். கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம், வேண்டாம்.

4. ஒரு பக்கம் மட்டும் கரண்ட் கொடுத்தால் போதும் என்ற வகை, திரைப் பக்கம் பிளக் இல்லாத இடத்துக்கு வசதி.

5. டிஷ் பெட்டியை இணைப்பதானால் எச்டிசிபி (HDCP) என்ற நகல் தடுப்பு முறைக்கு ஆதரவு உண்டா என்று பாருங்கள். இல்லாவிட்டால் திரை கறுப்பாகவே நிற்கும்.

6. உப்புக்காற்று செருகியின் ஊசிகளைத் தின்றுவிடும். பேசாலை, தலைமன்னார்ப் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் இரண்டு பெட்டிகளையும் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். வெளியே போகும் கேபிள், வெயில் தாங்கும் கறுப்பு உறையோடு இருக்கட்டும்.

7. இதில் மிக முக்கியமானது மின்னல். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடிமழை நமக்குப் புதிதல்ல. ஒரு கட்டடத்திலிருந்து இன்னொன்றுக்குச் செம்புக் கேபிள் இழுத்தால், பக்கத்தில் விழும் மின்னலே இரு பக்கத்துப் பெட்டிகளையும் ரிவியையும் எரித்துவிடலாம். அங்கே ஒளியிழைக் கேபிளில் ஓடும் எக்ஸ்டென்டரையே வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனாலும் வேறு வழி பார்க்காதீர்கள். ஏற்கெனவே செம்பு இழுத்திருந்தால், வானம் இருட்டும்போதே இரு முனைகளையும் கழற்றிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு கேபிளைத் தொடவேண்டாம்.

8. சுவருக்குள் பதிக்குமுன் முழு நீளக் கேபிளையும் தரையில் விரித்துப் பூட்டி, ஒரு முழுப் படம் ஓட்டிப் பாருங்கள். படம் விட்டுவிட்டு வந்தால், பற்றுச்சீட்டோடு அன்றே கடைக்குக் கொண்டுபோய் மாற்றிவிடுங்கள்.