வயிற்றுப் புண்: காரணமும் குறியும் மருத்துவமும்

விடியுமுன் ஒரு குவளை வரக்கோப்பியைக் குடித்துவிட்டுப் பெரட்டுக்குச் செல்வதும், நெற்றி விளக்கின் ஒளியில் நிரை நிரையாக மரம் வெட்டுவதும், மங்குகளில் பால் வடியும் இடைவேளையில் பசியாறுவதும் ரப்பர்த் தோட்டப் பாட்டாளிகளின் நெடுநாள் வழக்கம். அவ்வேளையில் மேல்வயிற்றில் எரிச்சல் எழுந்தால், "கேஸ்ட்ரிக்தான்" என்று கூறி ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு வாளியைத் தூக்குவோர் நம்மிடையே பலர். அந்த எரிச்சல் எப்போதும் வெறும் புளிப்பாக இருப்பதில்லை. சில வேளைகளில் அது வயிற்றினுள் உண்டான புண்ணின் அறிகுறியாகும். அப்புண்ணைப் பற்றி அறிந்துகொள்வோம்.

புண் எவ்வாறு உண்டாகிறது?

ரப்பர்ப் பாலை உறைய வைக்க ஃபார்மிக் அமிலத்தைக் கலக்கிறோம். அது கையில் பட்டால் தோல் எரிவதை நாம் அறிவோம். அதனினும் வலிமை மிக்க ஐட்ரோகுளோரிக் அமிலத்தை நம் இரைப்பை உணவைச் செரிப்பதற்காக நாள்தோறும் சுரக்கிறது. ஆயினும் இரைப்பை வெந்துபோவதில்லை. அதன் உட்சுவரைப் போர்த்தியிருக்கும் வழுவழுப்பான சளிப்படலமே அதனைக் காக்கிறது. அப்படலம் பழுதுபட்ட இடத்தில் அமிலம் சதையை அரிக்கிறது. அங்கே புண் தோன்றுகிறது. இப்புண் இரைப்பையிலும் வரலாம்; இரைப்பையை அடுத்துள்ள சிறுகுடலின் முற்பகுதியிலும் வரலாம்.

கிருமியே முதற்காரணம்

காரமான உணவும் மனக்கவலையும் நேரம் தவறி உண்பதுமே இப்புண்ணுக்குக் காரணம் என்று மருத்துவர்களே நெடுங்காலம் நம்பியிருந்தனர். 1982ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்னும் இரு மருத்துவர்கள், நோயாளிகளின் இரைப்பையில் வாழும் சுருள் வடிவக் கிருமி ஒன்றை வளர்த்துக் காட்டினர். அதன் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி. கடும் அமிலத்தில் எக்கிருமியும் வாழாது என்று பலர் மறுத்தனர். ஆகவே 1984இல் மார்ஷல் அக்கிருமி கலந்த நீரைத் தாமே குடித்தார். சில நாள்களில் அவருக்கு வாந்தி கண்டது. இரைப்பையில் அழற்சியும் உண்டாயிற்று. இக்கண்டுபிடிப்புக்காக 2005இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இச்செய்தி மலேசியத் தமிழர்களாகிய நமக்கு மிகவும் வேண்டியதாகும். இந்நாட்டில் நடந்த ஆய்வுகளில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடமும் சீனர்களிடமும் இக்கிருமி கூடுதலாகக் காணப்பட்டுள்ளது. கிளந்தான் மலாய்க்காரர்களிடம் அது மிக அரிது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே, வீட்டாரின் வாய்வழியாகவும் தூய்மையற்ற நீர், கழிவு ஆகியவற்றின் வழியாகவும் இது தொற்றுகிறது. நெருக்கமான வீடுகளும் பொதுக் குழாயும் இருந்த லயங்களில் வளர்ந்தோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். எனினும் கிருமி உள்ள எல்லாருக்கும் புண் வருவதில்லை. ஆகவே அஞ்ச வேண்டியதில்லை.

வலி மாத்திரை செய்யும் கேடு

இரண்டாவது காரணம் நம் கையிலேயே இருக்கிறது. ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென், டைகுளோஃபினாக், மெஃபனாமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையின் பாதுகாப்பைக் குறைக்கின்றன. நாள் முழுதும் குனிந்து வெட்டி, பால் வாளி சுமந்த இடுப்பு வலிக்கத்தான் செய்யும். ஒரு நாள் கூலி போய்விடுமே என்று எண்ணி, காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரையும் மாலையில் மற்றொன்றுமாகப் பல மாதங்கள் விழுங்குபவருக்கு, வலியே தோன்றாமல் புண் வளர்ந்து ஒருநாள் இரத்தம் கசியலாம். கூலியைக் காக்க உட்கொண்ட மருந்தே உயிருக்கு உலை வைத்துவிடும்.

பெயர் தெரியாத மூட்டுவலி மருந்துகளையும் ஜாமு வகைகளையும் வாங்குவதில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். அத்தகைய சிலவற்றில் ஸ்டீராய்டும் வலி மருந்தும் மறைவாகக் கலந்திருந்ததைச் சுகாதார அமைச்சு பன்முறை கண்டறிந்துள்ளது. இதய நோய்க்காக மருத்துவர் கொடுத்த ஆஸ்பிரினை மட்டும் தாமாக நிறுத்திவிடக் கூடாது; அவரிடம் கேட்டே முடிவு செய்தல் வேண்டும். புகைபிடித்தல் புண் ஆறுவதைத் தடுக்கிறது. சம்சு போன்ற கடும் மது இரைப்பையை மேலும் புண்படுத்துகிறது.

குறிகளும் அபாய அடையாளங்களும்

தொப்புளுக்கு மேலே எரிச்சல் அல்லது குடைச்சல், வயிற்று உப்புசம், குமட்டல், ஏப்பம் ஆகியவை பொதுவான குறிகள். குடற்புண்ணின் வலி பசி நேரத்திலும் நள்ளிரவிலும் எழுந்து, உண்டவுடன் சற்றுத் தணிவதுண்டு. இரைப்பைப் புண்ணின் வலி உண்டபின் மிகுவதுண்டு. ஆனால் வலியை மட்டும் கொண்டு எப்புண் என்று துணிந்து கூற இயலாது.

மலம் தார் போலக் கறுத்து ஒட்டினாலும், வாந்தியில் இரத்தமோ கோப்பித் தூள் போன்ற கசடோ வந்தாலும், வயிறு திடீரெனக் கடுமையாக வலித்துப் பலகைபோல் இறுகினாலும், எழுந்து நிற்கையில் மயக்கம் வந்தாலும் மறுநாள் வரை காத்திருத்தல் கூடாது. 999ஐ அழைக்க வேண்டும். இயலாவிடில் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும். ஆயினும் ஐயம் இருந்தால் காட்டிவிடுவதே நலம். நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் கூடி வந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். அதனைக் "கேஸ்ட்ரிக்" என்று எண்ணி ஏமாந்துவிடக் கூடாது.

மருத்துவம்

முற்காலத்தில் தோட்ட மருந்தகத்தில் தந்த வெள்ளைக் கலவை மருந்து அமிலத்தைச் சற்று நேரம் தணித்தது. புண் மீண்டும் மீண்டும் வந்தது. பாலும் அத்தகையதே, குடித்தவுடன் இதம் தரும், பின்னர் அமிலத்தைக் கூட்டும். அறுவை மருத்துவத்தால் இரைப்பையின் ஒரு பகுதியை இழந்தோரும் உண்டு. இன்று அந்நிலை பெரும்பாலும் மாறிவிட்டது.

மூச்சுச் சோதனை, மலச் சோதனை, குழாய் வழியே உள்நோக்கும் எண்டோஸ்கோப்பி ஆகியவற்றால் நோயை அறியலாம். கிருமி இருந்தால், அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் போன்ற மருந்தோடு இரண்டு நோய்க்கொல்லி மருந்துகளை, பெரும்பாலும் 14 நாள்களுக்குத் தருவர். "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்பது நம் பழமொழி. இந்த மருந்துக்கு அப்பழமொழி பொருந்தாது. மூன்றாம் நாள் எரிச்சல் அடங்கியதும் நிறுத்தினால் எஞ்சிய கிருமி மருந்துக்கு அடங்காததாகிவிடும். பென்சிலின் ஒவ்வாதவர் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மருந்து முடிந்து 4 வாரங்களேனும் சென்றபின், கிருமி ஒழிந்ததா என்று மீண்டும் சோதித்துக்கொள்வது அவசியம்.

கோப்பெங் வட்டாரத்தார் முதலில் கோப்பெங் சுகாதார நிலையத்தை நாடலாம். மேற்கொண்டு சோதனை வேண்டுமாயின் ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்கு அங்கிருந்து அனுப்பி வைப்பர். செல்லும்போது தாம் உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும், கடையில் வாங்கியவை உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்வது மருத்துவருக்குப் பெரிதும் உதவும்.

நாம் செய்யக்கூடியவை

கொதிக்கவைத்த நீரைப் பருகுவோம். கழிப்பிடம் சென்றபின்னும் உண்ணுமுன்னும் சவர்க்காரமிட்டுக் கைகளைக் கழுவுவோம். மிளகாய் புண்ணை உண்டாக்குவதில்லை. ஒத்துக்கொள்ளாதவர் அதனைக் குறைத்தால் போதும். நெடுநேரம் பசித்திருப்பதும் தானாகப் புண்ணை உண்டாக்காது. எனினும் வேலைக்குப் புறப்படுமுன் இரண்டு வாய் உண்பது எரிச்சலைத் தணிக்கும். சாதாரண உடல் வலிக்குப் பாரசிட்டமோலை அளவறிந்து உட்கொள்ளலாம்.

மரத்தின் பட்டையை ஆழமாக வெட்டினால் காயம்பட்டுப் பால் குன்றும் என்பதை நன்கறிந்த கைகள் நம்முடையவை. மரத்திற்குக் காட்டும் அந்தக் கவனத்தை நம் வயிற்றுக்கும் காட்டுவோமாக.