பாண்டூன் படகுக்குத் தளம் ஒட்டப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

மினசோட்டாவில் ஏரிக்கரைப் பட்டறை ஒன்றில் சேர்ந்திருக்கிறாய், இந்த வசந்தத்தில் பாண்டூன் படகுகளுக்குத் தள விரிப்பு ஒட்டும் வேலை உன் கைக்கு வரப்போகிறது. மிகவும் சந்தோஷம். எந்த விரிப்பு நல்லது, எந்தப் பசை பிடிக்கும் என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன். அதற்கு முன் ஒன்று செய். பழைய விரிப்பை உரிக்கும் வேலை வந்தால் நீயே முன்வந்து கேட்டு வாங்கிக்கொள். முழங்கால் தேயும், பசை நாற்றம் தலைவலி கொடுக்கும், பட்டறையில் யாருக்கும் அது பிடிக்காது. ஆனால் ஒட்டும் கலையை எந்த வாத்தியாரையும்விட அது நன்றாகக் கற்றுத்தரும்.

உரித்ததைக் குப்பையில் போடாமல் திருப்பிப் போட்டுப் பார். பல் வைத்த கரண்டி இழுத்த கோடுகள் நசுங்காமல் அப்படியே நின்றால், பசை ஆடை கட்டிய பிறகு விரிப்பை இறக்கியிருக்கிறார்கள், அல்லது உருளை ஓட்டவில்லை. பசை முழுவதும் விரிப்போடு கிளம்பி, அதில் மரத்தூள் அப்பியிருந்தால், உப்புத்தாள் போட்டவர் தூசியைத் துடைக்கவில்லை. பல வருடம் கழித்தும் பசை பிசுபிசுவென்று இருந்தால் இரண்டில் ஒன்று: மரத்துக்கு வார்னிஷோ பெயின்ட்டோ அடித்துவிட்டு அதன் மேல் தண்ணீர்ப் பசை போட்டிருப்பார்கள், ஈரம் வெளியேற வழியில்லை, இல்லையென்றால் வினைலுக்குச் சேராத பசை, வினைலை மிருதுவாக வைத்திருக்கும் பொருளோடு கலந்து இளகியிருக்கும். வினைலின் மேற்பக்கம் ரோஜா நிறத்தில் திட்டுத் திட்டாகக் கறை தெரிந்தால் அதைத் தேய்த்துப் பிரயோஜனமில்லை. அடியில் ஈரமான மரத்தில் வளர்ந்த நுண்ணுயிர்கள் விடும் சாயம் அது, கீழிருந்து மேலே ஊறி வந்தது. கெட்டுப்போன விரிப்புகளில் பெரும்பாலானவை விரிப்பால் கெட்டவை அல்ல என்பது என் தீர்மானமான கருத்து. மரமும் ஈரமும் அவசரமும்தான் கெடுத்தன.

மரத்தைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய. இந்தப் படகே உங்கள் மாநிலத்தில் பிறந்ததுதான். 1951இல் ரிச்மண்ட் என்ற ஊரில் ஆம்ப்ரோஸ் வீரஸ் என்ற விவசாயி இரும்புப் பீப்பாய்களை வரிசையாகச் சேர்த்து, மேலே மரத்தளம் போட்டு ஏரியில் மிதக்கவிட்டார். பீப்பாய் போய் அலுமினியக் குழாய் வந்துவிட்டது. மேலே இருக்கும் தளம் இன்றும் பெரும்பாலும் முக்கால் அங்குலப் பிளைவுட்தான். மரைன் பிளைவுட் என்று சொன்னால் அழுகாது என்று பலர் நினைக்கிறார்கள். அதன் அடுக்குகளை ஒட்டிய பசை தண்ணீருக்குப் பிரியாது, உள்ளே வெற்றிடம் இருக்காது, அவ்வளவுதான். மருந்து ஏற்றாத மரம் மரமாகவே அழுகும். மருந்து ஏற்றியதிலும் கவனம் வேண்டும். செம்புச் சத்து மிகுந்த புதிய மருந்துகள், குறிப்பாக ஏசிக்யூ, ஈரம் பட்டால் கீழே உள்ள அலுமினியக் குறுக்குச் சட்டங்களை அரிக்கும். இந்த மரத்தை எந்த மருந்தில் ஊறவைத்தார்கள் என்று கடைக்காரரிடம் கேட்காமல் வாங்காதே.

பழைய படகென்றால் இன்னொரு ஆபத்து. சிசிஏ என்ற மருந்தில் குரோமியம், செம்போடு ஆர்செனிக்கும் உண்டு. வீட்டு உபயோக மரத்துக்கு அதை ஏற்றுவதை அமெரிக்காவில் 2003 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். அதற்கு முந்திய தளத்தைத் தேய்க்கும்போது முகமூடி இல்லாமல் நிற்காதே. கழற்றிய பலகையை அடுப்பில் போடவும் கூடாது, சாம்பலில் ஆர்செனிக் தங்கும். குளிருக்கு விறகாகும் என்று யாராவது கேட்டாலும் கொடுக்காதே.

விரிப்பைத் தேர்ந்தெடுப்பதற்கு இவ்வளவு நீளமாகப் பேச வேண்டியதில்லை. கார்ப்பெட் விலை குறைவு, சத்தத்தை அடக்கும், மரத்தின் சின்னச் சின்ன மேடு பள்ளத்தை மறைக்கும். ஆனால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தூண்டில் முள் அதில் மாட்டும், மீன் ரத்தம் போகாது. நெய்த வினைலைக் கழுவினால் சுத்தம்; குழந்தைகள் ஈரக்காலோடு ஓடும் குடும்பப் படகுக்கு நான் அதையே சொல்வேன். அடர்நிறம் வேண்டாம், ஜூலை வெயிலில் வெறுங்கால் வைக்க முடியாது. இவ்ஏ நுரைத் தகடு காலுக்கு மெத்தென்று சுகமாக இருக்கும், ஆனால் நாற்காலிக் கால் அழுந்திய தடம் மறையாது. எதை எடுத்தாலும் எட்டரை அடி அகலச் சுருளாகவே வாங்கு. டிரெய்லரில் ஏற்றிச் சாலையில் கொண்டுபோகும் படகுக்கு அகல வரம்பு அதுதான் என்பதால், ஒரே துண்டு முழுத்தளத்தையும் மூடிவிடும். இணைப்பு இருந்தால் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும்.

இனி ஒட்டும் நாள். முதலில் ஈரமானியால் பலகையைப் பல இடத்தில் குத்திப் பார். கடையிலிருந்து வந்த மருந்து மரம் பெரும்பாலும் ஈரமாகவே இருக்கும். காயும்வரை காத்திரு, படகுக்காரர் எத்தனை முறை போன் செய்தாலும் சரி. ஸ்க்ரூத் தலைகளை உள்ளே இறக்கி, அவற்றுக்கும் பலகை இணைப்புகளுக்கும் எபாக்ஸியால் பட்டி பார்த்துத் தேய்த்துவிடு. வினைல் எதையும் மறைக்காது. கார்ப்பெட்டுக்கு மறைக்கப் பார்க்கும் குணம் உண்டு, அதை நம்பாதே. மூடுவதற்கு முன், இருக்கை வரும் இடத்தில், போட்ட பசையின் பெயரையும் தேதியையும் பலகையிலேயே பென்சிலால் எழுதிவை.

விரிப்பை முந்தின நாளே சூடான அறையில் பிரித்துப் போடு, சுருள் நினைவை மறக்கட்டும். பசை டப்பாவும் அங்கேயே இருக்கட்டும். தண்ணீர்ப் பசையில் பலவும் சூடில்லாத கொட்டகையில் உறைந்து கட்டியானால் பிறகு எவ்வளவு கலக்கினாலும் உதவாது. விரிப்புத் தயாரிப்பாளர் எந்தப் பசை சொல்கிறாரோ அதையே போடு. கார்ப்பெட் பசை மீந்திருக்கிறது என்று வினைலுக்குத் தேய்க்காதே. கரண்டியின் பல் அளவும் டப்பாவிலேயே இருக்கும், அதை மதி.

நடுக்கோட்டுக்கு நூல் அடித்து, விரிப்பை அதன் மேல் நேராகக் கிடத்து, பாதியை மடித்துப் போடு. திறந்த பாதியில் பசை இழுத்துவிட்டு நில். இங்கேதான் வேலை கெடுகிறது. விரலால் தொட்டுப் பார். தோசைக்கல்லில் மாவு ஊற்றும் பதம் போல இதற்கும் ஒரு பதம் உண்டு. பசை விரலில் ஒட்டிக் கையோடு வந்தால் இன்னும் நேரமாகவில்லை. இழுத்துப் பிடிக்கிறது, ஆனால் விரலில் வரவில்லை என்றால் இதுதான் சமயம். ஒன்றுமே ஒட்டவில்லையென்றால் தாண்டிவிட்டது. சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் போடு. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அதிக நேரம் எடுக்கும், வெயில் விழும் தளத்தில் சில நிமிடத்தில் தாண்டிவிடும், ஆகவே நிழலில் செய். விரிப்பை இழுத்து நீட்டாமல் உருட்டி இறக்கு. நீட்டி ஒட்டியது பிறகு சுருங்கி ஓரத்தில் கிளம்பும். 100 பவுண்டு உருளையை நடுவிலிருந்து ஓரத்துக்கு ஓட்டு, மறு திசையிலும் ஓட்டு. பிறகு மற்றப் பாதி.

கைப்பிடித் தூணுக்குக் கார்ப்பெட்டில் துளை போடும்போது துரப்பணத்தை நேரே வைத்துவிடாதே. ஒரு நூல் அலகில் சுற்றிக்கொண்டால் தளத்தின் மறுகோடி வரை ஒரு வரிசையே உருவிக்கொண்டு போய்விடும். முதலில் கத்தியால் சிலுவை கீறி, நாரை விலக்கி, பிறகு மரத்தைத் துளை. எந்தத் துளையாக இருந்தாலும் போல்ட் இறக்குமுன் உள்ளே சீலன்ட் தடவு. துளையின் வெட்டுமுகம்தான் பிளைவுட் தண்ணீர் குடிக்கும் வாய்.

பசை டப்பா எத்தனை நாள் சொல்கிறதோ அத்தனை நாள் கழித்தே இருக்கைகளை ஏற்று. மீந்த துண்டைச் சுருட்டி, ஒட்டுப் போடத் தேவைப்படும் என்று சொல்லிப் படகுக்காரரிடம் கொடுத்துவிடு. அதற்குத் தனியாகக் காசு வாங்காதே.

அன்புடன்,
உன் அண்ணன்