டிஸ்க்கா, ஓடிடியா, பென்டிரைவா? ஹோம் தியேட்டர் வாங்கிய தம்பிக்கு அக்காவின் டிப்ஸ்

அன்புத் தம்பிக்கு,

போன மாதம் உன் புது வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தபோது நீ புலம்பியது இன்னும் காதில் இருக்கிறது. "அக்கா, லோன் போட்டு செட் வாங்கினேன். ஓடிடியில அட்மாஸ் படம் போட்டாக்கூட பழைய டிவி மாதிரிதான் கேக்குது. பேசாம ஒரு ப்ளூ-ரே பிளேயரும் வாங்கிடவா?"

நான் பதில் சொல்லாமல் ஆம்ப்ளிஃபயர் முன்னால் குனிந்தேன். சுற்றிலும் ஐந்து ஸ்பீக்கர், மேலே அட்மாஸுக்காக இரண்டு, மூலையில் சப்வூஃபர். ஆனால் டிஸ்ப்ளேயில் ஓடிய எழுத்து 'பிசிஎம் 2.0'. அதாவது உள்ளே வந்துகொண்டிருந்ததே வெறும் இரண்டு சேனல் ஸ்டீரியோ. டிவி செட்டிங்கில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். அடுத்த நிமிடம் ஹெலிகாப்டர் நம் தலைக்கு மேலே போனது. நீ கூரையைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன்.

அன்றைக்குச் சொன்னதையும் சொல்ல விட்டதையும் இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். எதில் ஒலி உசத்தி என்று ஒப்பிடுவதற்கு முன்னால், டிஸ்க், ஓடிடி, பென்டிரைவ் மூன்றின் ஒலியும் முழுசாக உன் ஸ்பீக்கர் வரைக்கும் வந்து சேருகிறதா என்று பார்க்க வேண்டும். மொட்டை மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் இருந்தாலும், குழாய் அரை இஞ்ச் என்றால் குளியலறையில் சொட்டுதான் வரும்.

1. முதலில் டிஸ்ப்ளேயைப் படி

படம் ஓடும்போது ஆம்ப்ளிஃபயரோ சவுண்ட்பாரோ என்ன காட்டுகிறது என்று பார். 'டால்பி டிஜிட்டல் பிளஸ்', 'அட்மாஸ்', 'ட்ரூஹெச்டி', 'டிடிஎஸ்-ஹெச்டி' என்று வந்தால் சரி. வெறும் 'பிசிஎம்' அல்லது 'ஸ்டீரியோ' என்றால் டிவியின் சவுண்ட் செட்டிங்கில் டிஜிட்டல் அவுட்புட்டுக்குப் போ. அது 'பிசிஎம்'மில் இருந்தால் 'பாஸ் த்ரூ', 'பிட்ஸ்ட்ரீம்' அல்லது 'ஆட்டோ'வுக்கு மாற்று. டிவிக்கு டிவி பெயர் மாறும், வேலை ஒன்றுதான்.

2. ஒயர்தான் குழாய்

டிவியின் பின்னால் இருக்கும் ஆப்டிகல் ஒயர் பழைய டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் 5.1 வரைக்கும்தான் தாங்கும். அட்மாஸ் அதில் வராது. எச்டிஎம்ஐ ஏஆர்சி வழியாக ஓடிடியின் அட்மாஸ் வரும், ஆனால் ப்ளூ-ரேயின் ட்ரூஹெச்டி வராது. அதற்கு ஏஆர்சியின் மேம்பட்ட வடிவமான இ-ஏஆர்சி வேண்டும். இந்தத் தலைவலியே வேண்டாம் என்றால் டிஸ்க் பிளேயரை டிவியில் சொருகாமல் நேராக ஆம்ப்ளிஃபயரில் சொருகு. படம் மட்டும் அங்கிருந்து டிவிக்குப் போகட்டும்.

டிஸ்க் பிளேயர் மெனுவில் 'செகண்டரி ஆடியோ' என்று ஒன்று இருக்கும். அதை ஆஃப் செய். அது ஆனில் இருந்தால் பல பிளேயர்கள் மெனு சத்தத்தையும் சேர்த்துக் கலக்கி, நல்ல ஒலியைச் சாதா டால்பியாக்கி அனுப்பிவிடும்.

3. டிஸ்க் எல்லாம் ஒரே ஜாதி இல்லை

ஒரு காலத்தில் அப்பா 34 ரூபாய்க்கு மோசர் பேர் டிவிடி வாங்கி அடுக்கினாரே, அதில் இருப்பது டால்பி டிஜிட்டல். டிவிடியில் அதற்கு உச்சவரம்பு நொடிக்கு 448 கிலோபிட். அதற்கும் முந்தைய விசிடியில் 224 கிலோபிட், அதுவும் ஸ்டீரியோ.

ப்ளூ-ரே வேறு வீடு. 2006-ல் வந்த இந்த டிஸ்க்கில் ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ என்று இழப்பே இல்லாத வடிவங்கள் உண்டு. ஸ்டூடியோவில் முடித்த ஒலிக்கலவை ஒரு துளி குறையாமல் வரும். ட்ரூஹெச்டி நொடிக்கு 18 மெகாபிட் வரைக்கும் போகலாம். படத்தில் அமைதியான இடத்தில் குறைவாகவும் அமளியான இடத்தில் கூடுதலாகவும் எடுத்துக்கொள்ளும்.

ஆகவே "டிஸ்க்னாலே பெஸ்ட்" என்று எவனாவது சொன்னால், "எந்த டிஸ்க்?" என்று கேள்.

4. ஓடிடியைக் குறைத்து எடை போடாதே

நெட்ஃபிளிக்ஸ் 2019-ல் தன் ஒலியை உயர்த்தியது: 5.1-க்கு 640 கிலோபிட் வரை, அட்மாஸுக்கு 768 கிலோபிட் வரை. அதுவும் டால்பி டிஜிட்டல் பிளஸ், பழைய டால்பியைவிடச் சிக்கனமாக வேலை செய்யும் முறை. அதனால் நல்ல இணையம் இருந்தால் ஓடிடியின் 5.1, அப்பாவின் டிவிடியை ஜெயித்துவிடும்.

ப்ளூ-ரேயோடு ஒப்பிட்டால் எண்ணிக்கையில் பல மடங்கு குறைவுதான். ஆனால் எண் பல மடங்கு என்பதற்காகக் காதில் பல மடங்கு கேட்காது. வசனத்தில், பாட்டில் வித்தியாசம் கண்டுபிடிப்பதே சிரமம். நெருக்கடியான காட்சியில்தான் தெரியும். 'மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோட்' (2015) படத்தின் புழுதிப்புயலைப் போட்டுப் பார். ஒலிக்காகவே இரண்டு ஆஸ்கர் வாங்கிய படம். காற்று, இன்ஜின், இடி எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று விழும்போது டிஸ்க்கில் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். ஓடிடியில் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு விஷயம் கவனி. நெட்ஃபிளிக்ஸில் அட்மாஸ் வேண்டுமென்றால் மேல்தட்டு பிளான் வேண்டும். இணைய வேகம் இறங்கினால் படம் மட்டுமல்ல, ஒலியின் தரமும் தானாக இறங்கும். ராத்திரி தெருவே ஓடிடி பார்க்கும் நேரத்தில் ஒப்பிட்டுத் தீர்ப்பு எழுதாதே.

5. கோப்பின் பெயரைப் பார்த்து ஏமாறாதே

சிடியின் கணக்கு எளிது: நொடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட், இரண்டு சேனல். பெருக்கினால் 1,411 கிலோபிட். ஃப்ளாக் கோப்பு இதைத் துளிகூட இழக்காமல் ஏறக்குறைய பாதி இடத்துக்கு மடித்து வைக்கும். எம்பி3 அப்படியில்லை. காதுக்குத் தெரியாது என்று நினைக்கும் பகுதிகளை வெட்டிவிடும். 320 கிலோபிட்டில் நாசூக்காக வெட்டும், 128-ல் முரட்டுத்தனமாக வெட்டும்.

வெட்டியது வெட்டியதுதான். எம்பி3-யை ஃப்ளாக்காக மாற்றினால் கோப்பு பெருத்துவிடும், ஒலி பெருகாது. பழைய சோற்றை மறுபடி உலையில் போட்டால் புதுச் சோறாகிவிடுமா?

டெலிகிராமில் 'அட்மாஸ்' என்று பெயர் போட்டு வரும் படங்கள் திருட்டு என்பது ஒரு பக்கம். பலதும் ஓடிடியிலிருந்தே எடுத்தவை, அதனால் ஓடிடியைவிட நன்றாக இருக்க வழியே இல்லை. பென்டிரைவில் இன்னொரு சிக்கலும் உண்டு: சில டிவிகள் டிடிஎஸ்-ஐ ஏற்காது. படம் ஓடும், சத்தம் வராது. ஸ்பீக்கர் போய்விட்டது என்று மெக்கானிக்கைக் கூப்பிடாதே.

6. ஒப்பிடும்போது வால்யூமைச் சமமாக்கு

இதுதான் எல்லோரும் கோட்டை விடும் இடம். ஒன்றிரண்டு டெசிபல் கூட இருந்தாலே அதுதான் நல்ல ஒலி என்று காது நம்பிவிடும். டிஸ்க், ஓடிடி, கோப்பு மூன்றும் ஒரே அளவில் வருவதில்லை.

அம்மாவை வைத்து நான் சோதித்தேன். இளையராஜா இசையமைத்து ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல் வாசித்த 'நத்திங் பட் விண்ட்' (1988) ஆல்பத்தை சிடியிலும் 320 எம்பி3-யிலும் போட்டேன். அம்மா உடனே, "ரெண்டாவதுதான் நல்லாருக்கு" என்றாள். அது எம்பி3! போனில் சத்தம் அளக்கும் ஆப் போட்டுப் பார்த்தால் அது இரண்டு டெசிபல் கூடுதல். சமமாக்கி மறுபடி போட்டேன். "ரெண்டும் ஒண்ணுதான்டி, எதுக்குப் போட்டுப் பாடாப் படுத்தற?" என்றாள். பிறகு 128 கோப்பைப் போட்டதும் முகம் சுளித்தாள். "குழல்ல மூச்சு விடற சத்தம் நறநறன்னு இருக்கு." அம்மாவுக்கு கிலோபிட் தெரியாது. காது தெரியும்.

நீயும் அப்படிச் செய். ஒரே காட்சி, ஒரே அளவு, எது ஓடுகிறது என்று சொல்லாமல் வேறொருவர் மாற்றட்டும். 'நைட் மோடு' ஆஃபில் இருக்கட்டும். அது பெரிய சத்தத்தை அமுக்கி, சின்னதைத் தூக்கிவிடும். பாப்பா தூங்கும்போது அது வரம், ஒப்பிடும்போது சாபம். ப்ளூடூத்தையும் ஓரங்கட்டு. அது தன் பங்குக்கு இன்னொரு தடவை சுருக்கும்.

7. ஹாலையும் கொஞ்சம் பார்

உன் ஹாலில் நடுவில் நின்று கை தட்டு. 'டங்'கென்று எதிரொலி நீண்டால் டைல்ஸ் தரையும் வெறும் சுவரும்தான் காரணம். ஒரு ஜமுக்காளம், கனமான திரை, துணி சோபா போதும். நடு ஸ்பீக்கரை ஷோகேஸுக்குள் திணிக்காதே, வசனம் டப்பாவுக்குள்ளிருந்து வரும். பேஸ் வரும்போது பீரோ அதிர்கிறதா என்றும் பார். நானே ஒரு மாதம் சப்வூஃபரைத் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால் பீரோமேல் வைத்திருந்த எவர்சில்வர் தூக்கு.

கடைசியாக, எதில் காசு போடலாம்?

- ஒரு தடவை பார்க்கும் புதுப் படம்: ஓடிடி போதும், செட்டிங் சரியாக இருக்கட்டும்.
- பத்து தடவை பார்க்கும் படம், அமளியான படம்: கிடைத்தால் ப்ளூ-ரே. தமிழ்ப் படங்கள் அதில் அரிது என்பதால் தமிழுக்காக மட்டும் பிளேயர் வாங்காதே.
- பாட்டு: சிடி இருந்தால் ஃப்ளாக்காக மாற்றி ஹார்டு டிஸ்க்கில் வை. இல்லையென்றால் லாஸ்லெஸ் தரும் ஆப். ஆப்பிள் மியூசிக் 2021-லிருந்து கூடுதல் காசில்லாமல் தருகிறது.
- அப்பாவின் டிவிடிகள்: ஒலிக்காக இல்லாவிட்டாலும் தூக்கிப் போடாதே. ஓடிடியில் உரிமம் முடிந்தால் படம் காணாமல் போகும், அலமாரியில் இருப்பது அங்கேயே இருக்கும்.

சரியாக இணைத்த ஓடிடி, தப்பாக இணைத்த ப்ளூ-ரேயைத் தோற்கடிக்கும். அதனால் பிளேயர் வாங்குவதை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவை. அதற்குள் இந்த ஏழு குறிப்பையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு எனக்குப் போன் செய். அதன் பிறகும் புயல் காட்சியில் ஏதோ குறைகிறது என்று உன் காது சொன்னால், கடைக்கு நானே கூட வருகிறேன்.

அன்புடன்,
அக்கா