குழலுக்குள் என்ன இருக்கிறது?

திருச்சி மன்னார்புரத்துக்குப் பக்கத்தில், கே.கே. நகர் ஆயுதப்படை வளாகத்தில் ரைஃபிள் கிளப் இருக்கிறது. 2022 ஜூலையில் 47-ஆவது மாநிலத் துப்பாக்கி சுடும் போட்டி நடந்ததும் அங்கேதான். இக்காலப் போட்டித் துப்பாக்கியில் அறையைத் திறந்தால் உள்ளே தோட்டா இருக்கிறதா என்று தெரிந்துவிடும். நரிக்குறவர்கள் தலைமுறையாகக் கையாண்ட நாட்டுத் துப்பாக்கி போல, வாய்வழியே கரிமருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியில் அது தெரியாது. அந்த வகைக்கும் உலகப் போட்டி உண்டு: அரை மணியில் 13 குண்டு, அதில் சிறந்த 10 கணக்கு. நேரம் தாராளம், அவசரம் தேவையே இல்லை.

செய்ய வேண்டியவை

• கெட்டிக்கும் கம்பியில் இரண்டு கோடு போடுங்கள்: குழல் காலியாக இருக்கும்போது ஒன்று, மருந்தும் குண்டும் சரியாக உட்கார்ந்தபோது ஒன்று. இந்தக் கோடுகள்தான் உங்கள் கண். 1863-இல் அமெரிக்காவின் கெட்டிஸ்பர்க் போர்க்களத்தில் பொறுக்கிய 27,000-க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளில் பெரும்பாலானவை கெட்டித்தபடியே கிடந்தன. ஒன்றின் மேல் ஒன்றாகப் பல முறை கெட்டித்தவையும் ஏராளம். பதற்றத்தில் யாருக்கும் நேரும்.

• ஒவ்வொரு முறை சுடுவதற்கும் உரிய மருந்தை வீட்டிலேயே அளந்து, தனித்தனிச் சிறு குப்பியில் கொண்டுவாருங்கள்.

• குண்டை மருந்தின் மேல் படியும்வரை தள்ளுங்கள். நடுவில் வெற்றிடம் விட்டால் குழல் புடைக்கும், வெடிக்கவும் செய்யும்.

• கம்பியை விரல்களால் பிடித்துத் தள்ளுங்கள், உள்ளங்கையை மேலே வைத்து அழுத்தாதீர்கள். முகம் குழல்வாய்க்கு நேரே வரவே கூடாது.

• மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை (கேப்), சுடும் இடத்தில் நின்று, குழல் இலக்கைப் பார்த்திருக்கும்போதுதான் வையுங்கள்.

• கண்ணாடி, காதடைப்பு, பருத்திச் சட்டை.

செய்யக்கூடாதவை

• மருந்துக் கொம்பிலிருந்து நேராகக் குழலில் கொட்டாதீர்கள். முந்தைய முறை சுட்டதன் கங்கு ஒன்று உள்ளே மிச்சமிருந்தால், தீ கையிலிருக்கும் கொம்பு முழுவதுக்கும் ஏறிவிடும்.

• புகையில்லா மருந்தை, கொஞ்சம்கூட, கலக்காதீர்கள். அதன் அழுத்தத்தைப் பழைய இரும்பு தாங்காது.

• கெட்டிக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள், வாங்காதீர்கள். பாதியில் யாராவது கூப்பிட்டால் போகட்டும்; கம்பிக் கோட்டைப் பார்த்துவிட்டுத் தொடருங்கள்.

• வெடிக்கவில்லையா? குழலை இலக்கை நோக்கியே ஒரு நிமிடமாவது பிடியுங்கள். உடனே திருப்பி வாயைப் பார்க்காதீர்கள். மருந்து போடாமல் குண்டை மட்டும் தள்ளிவிட்டால் மறைக்காமல் கையைத் தூக்கி நடுவரைக் கூப்பிடுங்கள்.

• துப்பாக்கிக்கும் மருந்துக்கும் உரிமம் இல்லாமல் தொடாதீர்கள். சுடக்கூடிய துப்பாக்கி என்றால், பழசு என்பதற்காக 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் விட்டுக்கொடுக்காது.

• தாத்தா காலத்துத் துப்பாக்கி பரணில் கிடைத்தால் விசையை இழுத்துப் பார்க்காதீர்கள். எத்தனை ஆண்டானாலும், உள்ளே உலர்ந்திருக்கும் கரிமருந்து பற்றக்கூடியதே. குழலை யாரும் இல்லாத பக்கம் திருப்பிவைத்து, காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள்.