கடைசிப் புள்ளிக்குப் பின்னால் என்ன இருக்கிறது?

கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பங்களை மின்னஞ்சலிலும் வாங்கத் தொடங்கிய பிறகு, முன்பின் தெரியாதவர்களின் கோப்புகள் நம் அலுவலகத்துக்கு நாள்தோறும் வருகின்றன. மதிப்பெண் பட்டியல், ஆதார் நகல், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம் என்று வரும். திறக்காமல் இருக்கவும் முடியாது. அப்படி வந்த ஒன்றைத் திறக்கப் போன நம் ஊழியர் சற்றே நிதானித்தார். பெயர் 'மார்க் ஷீட் டாட் பி.டி.எஃப்' என்று தெரிந்தது. பி.டி.எஃப்புக்குரிய சிவப்புப் படமும் இருந்தது. ஆனால் பக்கத்தில் கோப்பின் வகையைச் சொல்லும் இடத்தில் 'அப்ளிகேஷன்' என்று இருந்தது. உதவித்தொகை அப்ளிகேஷன்தானே என்று அவர் நினைத்திருந்தாலும் குறை சொல்ல முடியாது! கணினியின் மொழியில் அந்தச் சொல்லுக்கு, இயங்கும் நிரல் என்று பொருள். திறந்தால் அது படிக்கக் கிடைக்காது. தன் வேலையைத் தொடங்கிவிடும்.

கோப்பின் உண்மையான வகையைச் சொல்வது அதன் பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின்னால் வரும் எழுத்துகளே. விண்டோஸோ, தான் அறிந்த வகை என்றால் அந்த எழுத்துகளை மறைத்தே காட்டுகிறது. 'டாட் பி.டி.எஃப் டாட் இ.எக்ஸ்.இ' என்று பெயர் வைத்தால் பின்பாதி மறைந்து முன்பாதி மட்டும் கண்ணில் படும். படத்தையும் வேண்டியபடி ஒட்டிக்கொள்ளலாம்.

இது பழைய தந்திரம். 2000 மே 4 அன்று உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் இப்படித்தான் வந்தது. சாதாரண எழுத்துக் கோப்பைப் போலத் தெரிந்த காதல் கடிதத்தின் பெயர் உண்மையில் 'வி.பி.எஸ்' என்று முடிந்தது. திறந்தவரின் முகவரிப் பட்டியலில் இருந்த எல்லோருக்கும் அது தன்னையே அனுப்பிக்கொண்டது. படக் கோப்புகளையும் அழித்தது. ஆகவே தெரிந்தவரிடமிருந்து வந்தது என்பது மட்டும் பாதுகாப்பாகாது.

நம் மாவட்டத்தில் வளைகுடா வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் இல்லாத தெரு குறைவு. 'விசா நகல்', 'ஆஃபர் லெட்டர்' என்று ஒரு மின்னஞ்சல் வந்தால் யார் பொறுமையாக இருப்பார்கள்? அந்த அவசரத்தைத்தான் மோசடிக்காரன் நம்புகிறான். கடவுச்சொல் போட்ட ஸிப் கோப்பு, திறந்ததும் 'எனேபிள் கன்டென்ட்' என்ற பொத்தானை அழுத்தச் சொல்லும் வேர்டு கோப்பு, இரண்டையும் சந்தேகியுங்கள். முன்னதன் உள்ளே ஆன்டிவைரஸாலும் எட்டிப்பார்க்க முடியாது. வாட்ஸ்அப்பில் 'ஏ.பி.கே' என்று முடியும் கல்யாணப் பத்திரிகையும் அதே இனம்தான். பத்திரிகையைப் பார்க்க எதற்கு ஆப்?

பக்கத்துக் கூடங்குளத்தையும் நினைவுபடுத்த வேண்டும். அணுமின் கழகத்தின் கணினி ஒன்றில் தீய நிரல் இருப்பதை 2019 செப்டம்பர் 4 அன்று செர்ட்-இன் அமைப்பு தெரிவித்தது. அக்டோபர் 30 அன்று கழகமும் அதை உறுதிப்படுத்தியது. நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைக்கப்பட்டிருந்த கணினி அது. முக்கியமான உள் வலையமைப்பு அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருந்ததால், ஆலையின் அமைப்புகளுக்குப் பாதிப்பில்லை என்று கழகம் அறிவித்தது.

அந்தப் பிரிவினை நமக்கும் வேண்டும். விதவைகள், மாணவர்கள் எத்தனையோ பேரின் கணக்கு எண்கள் நம்மிடம் அமானிதமாக இருக்கின்றன. எனவே மின்னஞ்சல் திறக்கும் கணினியில் பயனாளிகள் பதிவேட்டை இனி வைப்பதில்லை. பதிவேட்டின் நகலை வாரம் ஒருமுறை தனி ஹார்டு டிஸ்கில் எடுத்து, உடனே கழற்றி வைக்கிறோம். செருகியே விட்டால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸ் அதையும் சேர்த்துப் பூட்டிவிடும்.

தவறித் திறந்துவிட்டால் முதலில் இணைய இணைப்பைத் துண்டியுங்கள். அந்தக் கணினியில் பென் டிரைவ் செருகாதீர்கள். கடவுச்சொற்களை வேறு கருவியிலிருந்து மாற்றுங்கள். பணம் போயிருந்தால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்காமல் வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் உடனே சொல்லுங்கள்.

மறைந்திருக்கும் எழுத்துகளைக் காட்ட, விண்டோஸ் 10-இல் கோப்புறையைத் திறந்து 'வியூ' பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதில் டிக் செய்தால் போதும். விண்டோஸ் 11-இல் 'வியூ', பிறகு 'ஷோ' என்று போக வேண்டும். செய்யத் தெரியாதவர்கள் லேப்டாப்பை நம் அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு நிமிட வேலைதான், செய்து தருகிறோம்.