மாண்ட்ரியல் நரம்பியல் நிலையம்

மனித உறுப்புகளுள் தலையாயது மூளை. எண்ணுதலும் பேசுதலும் நினைவு கூர்தலும் அதன் தொழில்களே. ஆயினும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மூளைநோய் கண்டோர்க்கு மருத்துவர் செய்யத்தக்க உதவி மிகச் சிறிதாகவே இருந்தது. மருந்து தருவோரும், அறுவை செய்வோரும், ஆராய்ச்சி புரிவோரும் தனித்தனியே பணியாற்றி வந்தனர். இம்மூவரையும் ஒரு கூரையின்கீழ்க் கூட்டுவிக்க விரும்பினார் வைல்டர் பென்ஃபீல்டு என்னும் அறுவை மருத்துவர்.

பென்ஃபீல்டு 1891-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்தார். ஆக்ஸ்ஃபோர்டில் செரிங்டன் என்னும் பேரறிஞரிடம் பயின்றார். 1928-இல் கனடா நாட்டு மாண்ட்ரியல் நகருக்கு வந்து, மக்கில் பல்கலைக்கழகத்தில் பணி ஏற்றார். அவ்வாண்டிலேயே அவருக்குக் கடுஞ்சோதனை ஒன்று நேர்ந்தது. வலிப்பு நோயால் நெடுநாள் வருந்திய அவர்தம் தமக்கையார் ரூத்தின் மூளையில் கட்டி இருப்பது தெரியவந்தது. பென்ஃபீல்டு தம் கையாலேயே அறுவை செய்தார். கட்டியின் பெரும்பகுதியை நீக்கினார். முழுவதையும் நீக்க இயலவில்லை.

தமக்கையார் இல்லம் திரும்பினார். அன்பும் பண்பும் அவரிடம் குறையவில்லை. எனினும், விருந்தினர்க்கு உணவு சமைக்க முற்பட்ட ஒருநாள், எதனை முன்செய்வது, எதனைப் பின்செய்வது என்று அறியாது திகைத்தார். மூளையின் முன்பகுதிக்கும் திட்டமிடும் ஆற்றலுக்கும் உள்ள தொடர்பை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. சில ஆண்டுகளில் தமக்கையார் மறைந்தார். அத்துயரம் பென்ஃபீல்டின் உறுதியை வளர்த்ததேயன்றித் தளர்த்தவில்லை.

நிலையம் அமைக்கப் பெரும்பொருள் வேண்டியிருந்தது. ராக்ஃபெல்லர் அறநிலையம் அவருடைய முதல் வேண்டுகோளை ஏற்கவில்லை. அவர் சோர்வுறாது மீண்டும் முயன்றார். உலகெங்கும் பொருளாதார நெருக்கடி நிலவிய 1932-ஆம் ஆண்டில், அவ்வறநிலையம் பன்னிரண்டு இலட்சம் டாலருக்கு மேல் வழங்க இசைந்தது. கியூபெக் மாகாண அரசும் மாண்ட்ரியல் நகராட்சியும் துணைநின்றன. 1934-இல் நிலையம் திறக்கப்பெற்றது.

வலிப்பு நோய்க்கு அங்கே செய்யப்பட்ட அறுவை பெரும்புகழ் பெற்றது. மூளைக்கு வலியுணர்வு இல்லை. ஆதலின், தலையின் மேற்புறத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளி விழித்திருக்கும்போதே மருத்துவர் மூளையை மெல்லிய மின்னோட்டத்தால் தொடுவார். ஓரிடத்தைத் தொடின் விரல் அசையும். மற்றோரிடத்தைத் தொடின் பேச்சு தடைப்படும். இவ்வாறு பேச்சுக்கும் அசைவுக்கும் உரிய இடங்களைக் கண்டறிந்து காத்து, நோய்க்கு மூலமான பகுதியை மட்டும் அகற்றினர். இச்சோதனைகளால் மூளையின் பகுதிகளைக் காட்டும் படமும் உருவாயிற்று.

மூளையின் மின்னலைகளை ஆராய்ந்த ஜாஸ்பரும், நினைவாற்றலை ஆராய்ந்த பிரெண்டா மில்னரும் அங்குப் பணிபுரிந்தோருள் சிறந்தவர்கள். 1960 வரை தலைமை தாங்கிய பென்ஃபீல்டு 1976-இல் மறைந்தார்.

தமக்கையின் நோயை முற்றும் தீர்க்க இயலாத அவர், எண்ணற்ற பிறருடைய நோயைத் தீர்க்க வழி கண்டார். தம் துயரைப் பிறர் துயர் துடைக்கும் கருவியாக்குதல் சான்றோர் இயல்பன்றோ!